1163 என்றொரு பஸ் ஓடியது

இல்லவே இல்லை என்று அச்சடித்து ஒட்டிவிட்ட ஒரு பஸ்ஸை, இருந்தது என்று எப்படிக் காட்டுவது? இந்தக் கேள்வியை முதலில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பஸ் இருக்கை தைக்கும் ரெக்ஸின் அக்காவுக்கும் அப்போது தெரிந்திருக்கவில்லை. ஆனால் என்னைப் போல அவளால் அதை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்க முடியவில்லை.

நகரத்தின் பெரிய பஸ் டிப்போவில், இருக்கைப் பிரிவில் அவளுக்கு வேலை. கிழிந்த மெத்தைகளுக்கு ரெக்ஸின் என்கிற செயற்கைத் தோலில் புது உறை தைக்க வேண்டும். அதனால் மேனேஜர் முதல் பஸ் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ரெக்ஸின் அக்காதான். மெத்தையின் முதுகில், போக்குவரத்துக் கழகம் அந்தப் பஸ்ஸுக்குக் கொடுத்த எண்ணைச் சாக்பீஸால் எழுதி அவள் மேசைக்கு அனுப்புவார்கள். தைத்து முடித்ததும் திரும்பப் போய்விடும். பஸ் அவளிடம் வராது. அவளும் பஸ்ஸிடம் போக மாட்டாள். ஆனாலும் மெத்தையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். ஓட்டுநர் மெத்தை இடது பக்கம்தான் முதலில் நையும், கிளட்ச் மிதிக்கிற கால் அந்தப் பக்கம் என்பதால். கடைசி வரிசை மூலையில் பேனாவால் குத்தின ஓட்டைகள் இருந்தால் அது கல்லூரி வழித்தடம்.

வேலை முடிந்தால் இரண்டாவது மாடியில் ஒரு அறை. ஒரு ஜன்னல், அதற்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். மகள் கல்யாணமாகித் தூர ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "சாப்பிட்டியாம்மா?" என்பாள். "ஆச்சு" என்பாள் இவள். பேச்சு அதற்கு மேல் எந்தப் பக்கமும் நகராது.

அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொள்வாள். இடம் பிடிக்க அல்ல. யாராவது வந்து, "அக்கா, பையைக் கொஞ்சம் எடுங்க" என்று சொல்லியாக வேண்டும், அதற்காக. சில நாட்களில் டிப்போவுக்கு வெளியே அவளிடம் யாரும் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

போக்குவரத்துக் கழகத்துக்கு அறுபதாவது ஆண்டு வந்தது. "தெரியுமா உங்களுக்கு?" என்று தலைப்பிட்டு, பத்துச் செய்திகள் கொண்ட ஒரு தாளை எல்லாப் பஸ்ஸிலும் ஓட்டுநருக்குப் பின்னால் ஒட்டினார்கள். முதல் பஸ்களில் மரப் பலகைதான் இருக்கை. முதல் மாடிப் பஸ், ஓட வந்த மூன்றாம் நாளே ரயில் பாலத்தில் தலை இடித்துக்கொண்டது. நடுவில் மடிப்புத் துணி வைத்த நீளப் பஸ்ஸைத் திருப்பும்போது, முன்பாதி ஒரு தெருவிலும் பின்பாதி இன்னொரு தெருவிலும் நிற்கும். இப்படி.

தேநீர் நேரத்தில் ஒரு கண்டக்டர் அதை உரக்கப் படித்தான். ஏழாவது செய்திக்கு வந்தான்.

"நம்ம கழகத்துல 1163ங்கற எண்ல மட்டும் பஸ் இருந்ததே இல்லையாம்! 1162க்கு அப்புறம் நேரா 1164. எண்ணத் தெரியாதவனைக் கொண்டுவந்து வேலைக்கு வெச்சிருக்காங்க போல."

"உன்னைய வெக்கலையா?" என்றார் ஒரு மெக்கானிக். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "அது என் வீட்டுக்காரர் ஓட்டின வண்டிப்பா" என்றாள். "ஆறு வருஷம்."

"வேற நம்பரா இருக்கும்க்கா. அச்சடிச்சே போட்டுட்டாங்களே" என்றான் கண்டக்டர்.

அவள் கணவர் அந்தப் பஸ்ஸில்தான் இறந்தார். பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. நட்டநடுப் பகல், பஸ் நிறையக் கூட்டம். நெஞ்சில் வலி வந்ததும், நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ்ஸை ஓரம்கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறார் என்று கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா இருந்தார்களாம். அந்தச் சாலை சரிவானது. பஸ் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இதை அக்காவிடம் வந்து சொன்னது அன்று உடனிருந்த கண்டக்டர். அதன் பிறகுதான் அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. அவள் சேர்ந்தபோது 1163 டிப்போவில் இல்லை. விற்றுவிட்டார்கள் என்றார்கள், நம்பிவிட்டாள்.

விற்றால் விற்றுவிட்டுப் போகட்டும். இருந்ததே இல்லை என்றால் அவர் எதை ஓட்டினார்? எதில் கைப்பிரேக்கை இழுத்தார்?

அவள் பதிவேட்டு எழுத்தரிடம் போனாள். வேலைக்கு வந்து மூன்று ஆண்டுதான் ஆன மனிதர். பெரிய பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். 1163க்கு நேராக "எண் வழங்கப்படவில்லை" என்று எழுதியிருந்தது. மற்ற வரிகள் நீல மை; இது மட்டும் கறுப்பு.

"நான் எழுதினது இல்லம்மா. எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. இருக்கறதைப் பாத்துத்தானே நான் கொடுக்க முடியும்?"

"வண்டி இருந்துச்சு சார்."

"அப்ப எங்க போச்சு? அதைக் காட்டுங்க, மாத்திடறேன்."

அன்று முழுக்க அவள் தையல் கோணலாகவே ஓடியது. மாலையில் பெயின்டரிடம் போய், 1163 எங்கே போனது என்று கேட்டாள். பஸ்ஸின் பக்கவாட்டில் நேர்கோடு போடுவதில் கெட்டிக்காரர் என்பதால் அவருக்குக் கோடு அண்ணன் என்று பெயர். அவர் பிரஷ்ஷைத் துடைக்கத் தொடங்கினார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. அதை விக்கல" என்றார். "அவர் போனப்புறம் ஒரு டிரைவரும் அந்த சீட்ல ஏற மாட்டேன்னுட்டான். வண்டி நல்லா இருக்கு, ஆள் இல்லை. மேனேஜர் ஒரு ஞாயித்துக்கிழமை என்னைக் கூப்பிட்டு, நம்பரை மாத்தி அடிச்சிடுன்னார். மறுநாள் காலையில புது வண்டி வந்திருக்குன்னு சொல்லி ஓட்டினாங்க. கணக்கு இடிக்கக் கூடாதுன்னு பழைய நம்பரை இல்லாமலே ஆக்கிட்டாங்க."

"எந்த நம்பர் அடிச்சீங்க?"

"முந்நூறு சொச்சம். ஆயிரத்து முந்நூத்துல ஏதோ ஒண்ணு. வருஷத்துக்கு நூறு வண்டிக்கு நம்பர் போடறவன்மா நான்."

"இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேண்ணே."

"எப்படி சொல்றது?" என்று பிரஷ்ஷைப் பார்த்தபடியே சொன்னார். பிறகு, "வெளியேதான் பெயின்ட் அடிச்சேன். சீட்டுக்கு அடியில யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க?" என்றார்.

அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மெத்தை கழன்று வரும். இரும்புச் சட்டம் பஸ்ஸிலேயே தரையோடு திருகியிருக்கும். பஸ் புதிதாக வந்ததும் ஒவ்வொரு சட்டத்தின் அடிக்கம்பியிலும் அதன் எண்ணை உளியால் குத்திவிடுவது அந்த டிப்போவின் வழக்கம். தரையைப் பார்த்தபடி இருக்கும் எழுத்து அது. யார் கண்ணிலும் படாது.

ஆயிரத்து முந்நூறு வரிசையில் மிஞ்சியிருந்த பஸ்கள் பதினொன்றும், ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்டு டிப்போவின் பின்புறம் நின்றன. திங்கட்கிழமை உடைக்கக் கொண்டுபோய்விடுவார்கள். அன்று புதன். அக்கா மதிய உணவு நேரத்தை எடுத்துக்கொண்டாள். தூசி படிந்த பஸ்ஸில் ஏறி, தரையில் முந்தானையை விரித்துப் படுத்து, கையை உள்ளே விட்டு, விரலால் தடவிப் படித்தாள். பெயின்டும் துருவும் ஏறியிருந்தாலும் குத்தின எண் கையில் தட்டும். அரை அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் விரல்கள் அவை.

"அக்கா, உள்ள புதையலா? பங்கு உண்டா?" என்று வெளியிலிருந்து மெக்கானிக் குரல் கொடுத்தார்.

"உனக்குத் துரு தரேன், வா."

வெள்ளிக்கிழமை, எட்டாவது பஸ். எண் 1308. முதல் சட்டத்தில் விரல் வைத்தாள். ஒன்று. இன்னொரு ஒன்று. ஆறு. மூன்று. அடுத்ததிலும் அதுவே. சட்டங்கள் பழுதுபார்க்கும்போது பஸ்ஸுக்குப் பஸ் மாறிப்போவது உண்டு என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒன்றைக்கூட விடவில்லை. நாற்பத்துநாலில் முப்பத்தொன்பது 1163. கடைசியாக ஓட்டுநர் இருக்கை. அதுவும்தான்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று தோன்றியது. மேசைக்கு ஓடிப்போய், எந்தப் பஸ்ஸுக்கு எதைத் தைத்தாள் என்று குறித்துவைக்கும் தன் நோட்டைப் புரட்டினாள். 1308, ஓட்டுநர் மெத்தை: நான்கு முறை. பதினொரு ஆண்டுகளில் நான்கு முறை அந்த மெத்தையை மடியில் வைத்துத் தைத்திருக்கிறாள். ஒரு முறைகூடக் கை எதையும் சொல்லவில்லை. நோட்டை மூடிவிட்டு, தைக்க எடுத்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுத்தர் நல்ல மனிதர். அவள் கூப்பிட்டதும் வந்து பார்த்தார், குனிந்தார், தடவினார், சட்டையில் துருவோடு எழுந்தார். கறுப்பு மை வரியை அடித்துவிட்டு, "ஆறு ஆண்டுகள் ஓடியது. பின்னர் 1308 என எண் மாற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பஸ்ஸுல ஒட்டினது?" என்றாள் அக்கா.

"ரெண்டாயிரத்துச் சொச்சம் தாள்மா. போன்ல வேற ஊரெல்லாம் சுத்துது. எங்க போய்க் கிழிக்கறது?" அவர் பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதை யாரும் எடுத்துப் படிப்பதில்லை.

சனிக்கிழமை மதியம் அக்கா 1308இல் ஏறி, ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்ததும் இறங்கிவிட்டாள். திங்கட்கிழமை அந்தப் பஸ்ஸை இழுத்துக்கொண்டு போனபோது அவள் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பெண் வந்து, "அக்கா, பையைக் கொஞ்சம் எடுங்க" என்றாள். உட்கார்ந்ததும் முன்னால் ஒட்டியிருந்த தாளைப் படித்துச் சிரித்தாள். "ஒரு நம்பர்ல மட்டும் வண்டியே இருந்ததில்லையாமே!"

"இருந்துச்சும்மா" என்றாள் அக்கா. "என் வீட்டுக்காரர் ஓட்டினது."

"அப்படியா! அப்புறம்?"

அக்கா சொல்லத் தொடங்கினாள். ஆறு ஆண்டு ஓட்டியதைச் சொன்னாள். நட்டநடுப் பகல், பஸ் நிறையக் கூட்டம் என்பது வரை வந்தாள். பஸ் நின்றது. "ஐயோ, என் ஸ்டாப்! வரேங்க்கா" என்று அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கைப்பிரேக் வரை அந்தப் பெண் கேட்கவில்லை. சரிவான சாலையில் அத்தனை பேரோடு அந்தப் பஸ் ஓர் அங்குலமும் நகராமல் நின்றது அவளுக்குத் தெரியாது. அவள் யார், எந்தத் தெரு என்று எனக்கும் தெரியாது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். அந்த ஏழாவது செய்தி உங்கள் போனுக்கும் ஒரு நாள் வரலாம். வந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அனுப்பியவருக்கு இந்தக் கதையைத் திருப்பி அனுப்புங்கள், அவர் இன்னொருவருக்கு அனுப்பட்டும். சுற்றிச் சுற்றி என்றாவது அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தால், மீதிக் கதையை அவளும் கேட்டுவிடுவாள்.