எண் பொருந்தாத போல்ட்

எந்தத் துப்பாக்கி கடைக்கு வந்தாலும் சூசாரா முதலில் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்க்கமாட்டாள். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புத் தண்டான போல்டை உருவி எடுத்து, அதன் கைப்பிடி அடியில் பொறித்திருக்கும் எண்ணைக் கட்டைவிரலால் தடவுவாள். பிறகு குழலின் அடியில் இருக்கும் எண்ணைத் தடவுவாள். இரண்டும் ஒன்றுதானா என்று விரல் சொன்ன பிறகுதான் நிமிர்ந்து, "வாங்க" என்பாள். இருபத்தாறு வருடமாக இதுதான் வழக்கம். ரெஹோபோத் ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. "சூசாராவைப் பொண்ணு கேட்டுப் போனாகூட முதல்ல மாப்பிள்ளையோட நம்பரைத்தான் தடவிப் பாப்பா" என்பார்கள். அதனால்தானோ என்னவோ, அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மா படுக்கையில் விழுந்தாள். ஆடுகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. துப்பாக்கி வேலைக்கான உரிமம் தம்பி ஹெர்மானஸ் பெயரில் இருக்கிறது. இரும்பு அவன் பாடு, மரம் அவள் பாடு. கடைக்கு வருகிறவர்கள் அவனோடு பேசுவார்கள். அவள் மூலையில் கட்டையை இழைத்துக்கொண்டு, பேசுகிறவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் ஐசாக் மூட்டன் வந்தான். அப்பா காலத்து மவுசர் துப்பாக்கி ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தான். அதன் மரக்கட்டை கழுத்துப் பக்கம் விரிசல் விட்டு, செம்புக்கம்பியால் கட்டியிருந்தது. குழல் துருவேறிச் சிவந்துகிடந்தது.

"புதுசா ஆக்கிடணும் மானஸ். புதுக் கட்டை, நுனியில ஓரிக்ஸ் மான் கொம்பு, மேல தொலைநோக்கி. டாவிட்டுக்கு மே மாசம் அம்பது வயசு ஆகுது. அவனுக்குத்தான்."

ஹெர்மானஸ் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டான். ஐசாக்கும் அவன் தம்பி டாவிட்டும் பேசிக்கொள்ளாமல் ஒன்பது வருடம் ஆகிறது. யாரோ வேலிக்கதவைத் திறந்துபோட்டதில் நாற்பது ஆடுகளை நரி கிழித்துப் போட்டது. திறந்தது நீதான், நீதான் என்று தொடங்கிய சண்டை. தேவாலயத்தில்கூட ஆளுக்கொரு வாசல்.

"சமாதானமா?" என்றான் ஹெர்மானஸ்.

"வயசாகுதில்ல" என்றான் ஐசாக்.

அதற்குள் சூசாராவின் விரல் வேலையை முடித்திருந்தது. குழலில் 3317. போல்டில் 8062.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஐசாக்கின் வலது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, மிளகு தூவினாற்போல் நாலைந்து கறுப்புப் புள்ளிகள். முன்பு பார்த்தபோது அவை இல்லை.

"கன்னத்துல என்ன அண்ணே?"

"வெல்டிங் பொறி."

"போல்ட் வேற நம்பரா இருக்கே."

"வின்ட்ஹூக்ல வாங்கினேன். பழசு தொலைஞ்சுபோச்சு."

அது பொய் என்று சூசாராவுக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அப்பா கிழவர் மூட்டன் சாகும்போது துப்பாக்கியைப் பெரியவனுக்கும் போல்டைச் சின்னவனுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவன் இல்லாமல் ஒருவன் வேட்டைக்குப் போகக் கூடாது என்பது அவர் கணக்கு. போல்ட் தொலையவில்லை; டாவிட் வீட்டில் இருக்கிறது.

"இதைப் போட்டுச் சுட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல. ஒருதடவகூட இல்ல." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது.

அவன் போன பிறகு சாக்கை உதறினாள். தைத்திருந்த உள்பையிலிருந்து சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு ஒன்று விழுந்தது. அடிப்பக்கம் பளபளவென்று ஒரு வளையம். வளையத்தின் ஓரத்தில் நகம் நுழையுமளவு வெடிப்பு.

ஹெர்மானஸ் இரும்பு அளவுத்துண்டைக் குழலில் தோட்டா உட்காரும் இடத்தில் வைத்து போல்டைத் தள்ளினான். நல்ல போல்ட் என்றால் அந்தத் துண்டின்மேல் மூடாது. இது வழுக்கிக்கொண்டு போய் மூடியது.

"இடைவெளி ஜாஸ்தி" என்றான். "இன்னும் ரெண்டு குண்டு போட்டா கூடு பிளந்து, நெருப்பு அப்படியே சுடறவன் மூஞ்சிக்கு வரும்."

"ஏற்கெனவே வந்திருக்கு. கன்னத்தைப் பாக்கலையா?"

"அதுக்கு?"

"வெடிக்கும்னு தெரிஞ்சும் பளபளன்னு பண்ணித் தம்பிக்குக் குடுக்கறான்."

ஹெர்மானஸ் சிரித்தான். "உனக்குப் பாதிரியார் மேலயும் சந்தேகம்தான். போன் பண்ணி போல்ட் ஆகாதுன்னு சொல்லிட்டாப் போச்சு."

"சொல்லு. 'அப்படியா, தெரியாதே'ன்னுவான். அப்புறம் வேற வழி தேடுவான். அப்போ நமக்குத் தெரியாது."

ஹெர்மானஸ் போன் பண்ணவில்லை.

மறுநாள் அவள் டாவிட் வீட்டுக்கு நடந்தாள். டாவிட் ஆழ்குழாய் பம்பு மாட்ட வெளியூர் போயிருந்தான். அவன் மனைவி லிஸ்பெத் ரஸ்க்கும் காபியும் வைத்தாள். அந்த ஊரில் துப்பாக்கி ஆண்களின் இரும்பு அலமாரியில் இருக்கும்; போல்ட் பெண்களின் பொறுப்பு. குடித்துவிட்டு வருகிறவனுக்குத் துப்பாக்கி கிடைத்தாலும் சுட முடியாது. லிஸ்பெத் சோளமாவுத் தகரத்துக்குள் கையை விட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றிய போல்டை எடுத்தாள்.

"ஒம்போது வருஷமா மாவு மாத்தும்போதெல்லாம் இதையும் துடைக்கறேன் அக்கா. எதுக்கு இப்போ?"

"வேலைக்கு வேணும். டாவிட்கிட்ட சொல்லவேண்டாம்."

"அண்ணன் தம்பிக்குள்ள ஏதாவது நல்லதா, கெட்டதா?"

"தெரியல" என்றாள் சூசாரா. பொய் சொல்ல அவளுக்கு வராது.

கடைக்குத் திரும்பி எண்ணைத் தடவினாள். 3317. போல்ட் சரியாகப் பொருந்தியது. அளவுத்துண்டின்மேல் மூட மறுத்தது.

ஆறு வாரம் வேலை நடந்தது. வால்நட் மரப் பலகையை அறுத்து, குழலின் அடியில் விளக்குக்கரி பூசி மரத்தில் அழுத்தி, கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் சீவிச்சீவி உட்கார வைத்தாள். மரத்தை ஈரத்துணியால் துடைத்துச் சிலும்பு எழும்பவிட்டு உரசினாள். உள்ளங்கை சூட்டில் ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்தாள். ஹெர்மானஸ் ஈரத்துணியால் போல்டின் உடம்பைச் சுற்றிவிட்டு, தொலைநோக்கியில் இடிக்காதபடி கைப்பிடியைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தான். வளைத்து மெருகேற்றிய பிறகு, எண்ணைத் தடவாமல் அது எந்த போல்ட் என்று பெற்றவருக்கே தெரியாது.

ஐசாக் நான்கு முறை வந்தான். நான்கு முறையும் மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத நேரம். கட்டையைத் தடவிப் பார்த்தான். கொம்பு நன்றாக இருக்கிறது என்றான். போல்டை மட்டும் தொடவில்லை. ஒருமுறை வாசல்வரை போய்த் திரும்பினான்.

"எல்லாம் சரியா இருக்கில்ல சூசாரா?"

"எதைக் கேக்கறீங்க?"

"பொதுவா." போய்விட்டான்.

ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் மேல் இருந்த சந்தேகம் ஒரு பூச்சு கூடியது.

புது உரிமம் யார் பெயரில் வரப்போகிறதோ அவர் முதல் குண்டைச் சுடுவது கடையின் வழக்கம். மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஊருக்கு வெளியே வறண்ட ஆற்றில் பழைய டயர்களை அடுக்கி ஹெர்மானஸ் குறி அட்டையை மாட்டினான். கடையிலிருந்து கூப்பிட்டனுப்ப டாவிட் வந்தான். ஐசாக்கும் வந்தான். இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள், பார்த்துக்கொள்ளவில்லை.

டாவிட் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தான். "அப்பாவோடதா இது? கிழவர் பாத்தா, இவ்வளவு அழகா இருந்தா குடு மான் பயந்து ஓடாது, கண்ணாடி பாத்துக்கிட்டு நிக்கும்னு சொல்லியிருப்பார்."

யாரும் சிரிக்கவில்லை. டாவிட் மண்மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்தான். தோட்டாவை உள்ளே தள்ளி போல்டை மூடினான். சூசாரா அட்டையைப் பார்க்கவில்லை. ஐசாக்கின் கால்களைப் பார்த்தாள். இப்போது வண்டிக்குப் பின்னால் ஒதுங்குவான் என்று எண்ணினாள்.

டாவிட் கன்னத்தைக் கட்டையில் பதித்தான். ஐசாக்கின் கால்கள் முன்னால் போயின.

"டாவிட். கீழ வை."

"ஏன்?"

"வைன்னா வை. முதல் குண்டு நான் போடறேன்."

"பிறந்தநாளுக்குக் குடுத்துட்டு நீயே சுடுவியா?"

ஐசாக் குனிந்து குழலைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். "போல்ட் சரியில்லடா. போன வருஷம் என் மூஞ்சியிலயே வெடிச்சுது. இவங்க சரிபண்ணியிருப்பாங்க, பண்ணலைன்னா என்னோட போகட்டும்."

சூசாரா நாலடி முன்னால் வந்தாள். அத்தனை பேர் நடுவில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"இதுல இருக்கறது அது இல்ல. லிஸ்பெத் குடுத்த போல்ட்."

ஐசாக் நிமிர்ந்தான். "எப்போ மாத்தினே?"

"மார்ச்சுலயே."

"அப்போ என்னை நிக்கவெச்சு வேடிக்கை பாத்திருக்கே."

"ஆமா. ஆறு வாரமா நீங்க வாயைத் திறக்கலையே அண்ணே."

"என்னன்னு திறப்பேன்? அப்பா சொன்னதை மீறி வேற போல்ட் வாங்கி, இவன் இல்லாம திருட்டுத்தனமா வேட்டைக்குப் போனேன்னா?" அவன் சூசாரா பக்கம் ஒரு எட்டு வைத்தான். "கொலைகாரன்னு நெனச்சுட்டே இல்ல?"

"நெனச்சேன்" என்றாள் சூசாரா.

டாவிட் படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தான். "நீ தனியாப் போனது எனக்குத் தெரியும்டா. ரெண்டு மைலுக்கு அந்தப்பக்கம் சுட்டா எனக்குக் காது கேக்காதா?" என்றான். பிறகு மறுபடி படுத்து, சுட்டான். அட்டையின் நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி விழுந்தது.

அது நடந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. துப்பாக்கி டாவிட்டின் அலமாரியில் இருக்கிறது. அதன் போல்டை ஐசாக் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். ஜூன் மாதத்தில் இருவரும் சேர்ந்து வேட்டைக்குப் போகிறார்கள். ஐசாக் தன் மற்றத் துப்பாக்கிகளைத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி வின்ட்ஹூக்கில் பழுதுபார்க்கக் கொடுக்கிறான். சூசாராவைக் கண்டால் தலையாட்டுவதில்லை. அவளும் அதைத் தப்பென்று சொல்வதில்லை. ஆனால் ஆற்றங்கரைக்கு டாவிட்டைக் கூப்பிடாமல் இருந்திருந்தால் ஐசாக் சொல்லியிருப்பானா என்று கேட்டால், மாட்டான் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள்.