போளிக்குள் கறி

முதல் நாள் கடையில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். நான் இருந்தேன். மிலிட்டரியிலிருந்து ரிட்டயர் ஆன என் மச்சான், வீட்டுக்காரியின் அண்ணன், கல்லாவில் இருந்தார். வீட்டுக்காரி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாலு வயது மகள் மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். மாவு பிசைய ஆள் வேண்டுமென்று மச்சான் செட்டியார்பட்டியிலிருந்து கூட்டிவந்த பரோட்டா மாஸ்டர் கல்லுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே பெஞ்சில் ஒரு போலீஸ்காரர். அவர்தான் முதல் கிராக்கி.

கடை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். எங்கள் வீடு ராஜபாளையத்தில். எண்பத்தேழோ எட்டோ, தீபாவளி கழிந்த சமயம்.

நான் சரக்குக் கப்பலில் சமையல்காரன். படிப்பு எட்டோடு நின்றது. வருஷத்தில் முக்கால்வாசி கடலில். அந்தத் தடவை ஊருக்கு வந்தபோது மகள் என்னைக் காட்டி அவள் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“அவிய எப்பம்மா ஊருக்குப் போவாக?”

வீட்டுக்காரி எனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். கை கழுவும்போது, கப்பல் போதும் என்று நினைத்தேன். தை மாதம் பம்பாய் ஏஜென்ட் போன் பண்ணுவார். அதற்குள் ஒரு கடை காலூன்ற வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் கப்பல்தான். சமையல் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

வெஸ்ட் இண்டீஸில் டிரினிடாட் தீவின் துறைமுகத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. பின்னால் என் கடையில் போட்ட ரொட்டியை அங்கேதான் முதலில் தின்றேன். கடை நடத்திய அம்மாவுக்கு முகம் நம்ம ஊர் முகம், தமிழ் ஒரு சொல் தெரியாது. அவருடைய முன்னோர் கரும்பு வெட்டப் போனவர்களாம். கடலைப்பருப்பு மாதிரி ஒரு பருப்பை வேகவைத்து, சீரகம் சேர்த்துப் பொடித்து, மாவுக்குள் வைத்து மெல்லிசாகத் தேய்ப்பார். கல்லில் போட்டு எடுத்து, நடுவில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்து, பொட்டலம் மாதிரி மடித்துத் தாளில் சுற்றிக் கொடுப்பார். தட்டு கிடையாது. கையில் பிடித்துக் கடிக்க வேண்டும். மஞ்சளாக ஒரு மிளகாய்ச் சாறு, ஒரு சொட்டு விட்டால் காது அடைக்கும். ஒன்று தின்றேன். மறுபடியும் வரிசையில் போய் நின்றேன்.

பொறவு எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அந்தப் பக்கத்து ஆட்களின் சாப்பாட்டுக் கடை எங்கே என்றுதான் தேடுவேன். லண்டனில் ஒரு ஜமைக்காக்காரர் தேங்காய்ப் பாலில் சோறும் பயறும் சேர்த்து வடிக்காமல் பொங்கிப் போட்டார். பார்த்துப் பார்த்துக் கைப்பழக்கம் வந்தது.

இதை மச்சானிடம் சொன்னதுதான் தப்பு. இந்த ஜில்லாவிலேயே எவனும் திங்காத சாப்பாடு, கூட்டம் அள்ளும் என்றார். எவனும் திங்காததை எவன் வந்து தின்பான் என்று கேட்டேன். அவர் அதற்குள் போர்டுக்குச் சொல்லிவிட்டார். வெஸ்ட் இண்டீஸ் ஹோட்டல். கரீபியன் என்று போடலாமே என்றேன். கிரிக்கெட் பார்க்கிறவனுக்கு அது தெரியாது, இதுதான் தெரியும் என்றார். போர்டு எழுதியவரிடம் ஒரு கடல் வரையச் சொன்னேன். மலையை வரைந்து வைத்திருந்தார். கேட்டால், கடலை அவர் பார்த்ததில்லையாம்.

முதல் ரொட்டியைத் தாளில் சுற்றி போலீஸ்காரரிடம் கொடுத்தேன். தட்டு எங்கே என்றார். கொடுத்தேன். மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஓரத்தைப் பிய்த்தார். பருப்புப் பொடி உதிர்ந்தது. மோந்து பார்த்தார். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“என்னவே இது, போளி மாதிரி இருக்கு?”

“ரொட்டி சார். உள்ள பருப்பு வச்சிருக்கு.”

“மாவுக்குள்ள பருப்பு வச்சா போளிதானவே. போளிக்குள்ள போயி கறிய வச்சிருக்கீரு?”

இனிப்பு இல்லை, உப்புதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். சாமிக்கு வைக்கிற பண்டம்வே என்றார். கறியை மட்டும் வழித்துத் தின்றார். ரொட்டியைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு சால்னா கேட்டார். இல்லை என்றேன். சால்னா இல்லாமல் கறிக்கடையா என்று மச்சானைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. நாமம் போட்ட ஒரு பெரியவர் கடை முன்னால் செத்த நேரம் நின்று, தட்டைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், போய்விட்டார். ராஜபாளையத்தில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, உங்க வீட்டுக்காரர் ஒப்பட்டுக்குள் ஆட்டுக்கறி வைக்கிறாராமே என்று கேட்டார். அவர்கள் பேச்சில் போளிக்கு அதுதான் பெயர். கிரிக்கெட் ஆட்கள் வந்தார்கள். ஒரு டீயைச் சொல்லிவிட்டு ரேடியோவில் ஸ்கோர் கேட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து போனார்கள். பருப்பை நிறுத்திவிட்டு வெறும் மாவில் போட்டும் பார்த்தேன். போளிக்கடை என்ற பேர் போகவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் பிரித்து, பிய்த்து, தட்டை நீட்டி சால்னா கேட்டார்கள்.

கார்த்திகை போனது. மார்கழி வந்தது. அந்தக் கோயில் ஊரில் மார்கழியில் கறிக்கடை என்ன ஆகும் என்று மிலிட்டரிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி என் கப்பல் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் பரோட்டா மாஸ்டர், சும்மா நின்று சம்பளம் வாங்குவது கேவலமாக இருக்கிறது என்று மச்சானிடம் சொன்னார். என்னிடம் கேட்காமலே மாவைப் பிசைந்தார். எங்கள் சாப்பாட்டுக்கென்று பரோட்டா போட்டு, நான் வாங்கி வைத்திருந்த கறியில் சால்னா வைத்தார். மணம் ரோட்டுக்குப் போனது. ரோட்டில் போனவர்கள் உள்ளே வந்தார்கள். எங்களுக்கு மிஞ்சவில்லை. மறுநாளும் போட்டார். ஒரு வாரத்தில் பெஞ்சு போதவில்லை. போலீஸ்காரரும் வந்தார். இப்பத்தான் கடைன்னு சொல்லலாம் என்றார்.

தை கடைசியில் எதிர் ஜவுளிக்கடை போனுக்கு ஏஜென்ட் கூப்பிட்டார். மச்சானும் கூடவே வந்து நின்றார். கப்பலுக்கு வரவில்லை என்று சொல்லி போனை வைத்தேன்.

“பாத்தீரா மாப்ள, வெஸ்ட் இண்டீஸ் ஜெயிச்சிட்டுல்லா?” என்றார்.

நான் ரோட்டைத் தாண்டிக் கடைக்கு வந்தேன்.

கப்பலுக்குப் போகவில்லை. கடை நிலைத்தது. போர்டு மாறவில்லை, ஜனங்கள் கப்பல்காரர் கடை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கை மாவில் என் ரொட்டியைப் போட்டு வைப்பேன். அதை விடும், ரெண்டு பரோட்டா போடும் என்பார்கள். மிச்சத்தை மாஸ்டர் கொத்திப் போடுவார். தொண்ணூறுகளில் மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலில் கரீபியன் சிக்கன் என்று போட்டிருந்தது. ஆசையாகச் சொன்னேன். சில்லி சிக்கன் வந்தது. கேட்டதற்கு, அன்னாசி இருக்குல்ல சார் என்றார் சப்ளையர். அந்த அன்னாசியையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.

நான் எப்போது ஊருக்குப் போவேன் என்று மகள் கேட்பதை நிறுத்தினாள். பஸ் கிடைக்காமல் பிந்தினால், ஏன் லேட் என்று கேட்டாள். என் ரொட்டியை அவளும் தின்றாள். கறியை எடுத்துவிட்டு, சீனி வைத்து.

அதனால் அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டுக்காரி ஒருதடவை அடுப்படியில் நின்றபடியே கடித்துவிட்டு, உப்பு காணாது என்றாள். வடக்கேயிருந்து வந்த ஒரு லாரி டிரைவர் ஸ்டியரிங்கில் ஒரு கையும் ரொட்டியில் ஒரு கையுமாகப் போனார். கடை நடத்திய இத்தனை வருஷத்தில் அதைப் பிரிக்காமல், பிய்க்காமல், சால்னா கேட்காமல் தின்றவர்கள்:

இரண்டு பேர்.