திருவூடல் தெருவிலிருந்து ஒரு தூது

எனக்கு ஒன்பது வயதில் நடந்தது. வரிசையாகச் சொன்னால் குழப்பம் இருக்காது.

1. அம்மாவுக்கு ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்து, வந்து சேரச் சொல்லிக் கடிதம் வந்தது.
2. அப்பா வேண்டாம் என்றார்.
3. போகிக்கு முதல் நாள் அம்மா ஒரு பையை எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையிலிருக்கும் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள்.
4. மாட்டுப் பொங்கலன்று எங்கள் தெருவில் சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை வந்தது.
5. மறுநாள் நான் தூது போனேன்.

நான்காவது வருடாவருடம் கோயில் திருவிழாவில் நடப்பது. அதனால்தான் எங்கள் தெருவுக்குத் திருவூடல் தெரு என்று பெயர். தன்னை வணங்காத முனிவருக்குச் சாமி வரம் கொடுத்துவிட்டார் என்று அம்மனுக்குக் கோபம். கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வாள். சுந்தரர் நடுவில் போய்ச் சமாதானம் பேசுவார், பலிக்காது. மறுநாள் சாமி தனியாக மலையைச் சுற்றி வந்த பிறகுதான் கதவு திறக்கும்.

அன்று மாலை கற்பூரப் புகைக்கு மேலே சாமியும் அம்மனும் மிதந்துகொண்டிருந்தார்கள். நான் சுந்தரரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அந்த ஒரு ஆள்தான் குறைவு என்று தோன்றியது.

காலையில் பக்கத்து வீட்டு அத்தை சாமிக்குப் பின்னால் கிரிவலம் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். அம்மாவிடம் என்ன சொல்லட்டும் என்று அப்பாவிடம் கேட்டதற்கு, பேப்பரிலிருந்து தலையெடுக்காமல், “கேஸ் புக்கு எங்க வெச்சான்னு கேளு” என்றார்.

நான் தூது போவது தெரிந்து அத்தை சிரித்தார். “சாமியே தனியா சுத்துது. உங்கப்பா எந்த மூலைக்கு?”

பனியில் மலை பாதிதான் இருந்தது. நடக்க நடக்க அது மெல்லத் திரும்பி வேறு முகம் காட்டியது. வெறும் காலுக்குத் தார்ச்சாலை சில்லென்றிருந்தது. மேளம் முன்னால் எங்கோ கேட்டது. நான் சேதியை மாற்றி மாற்றி வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அடி அண்ணாமலை வருவதற்குள் அது உண்மையாகவே ஆகிவிட்டது.

அத்தை என்னை மாமா வீட்டு வாசலில் விட்டுப் போனார். உள்ளே அம்மா, கஞ்சி போட்ட புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அவள் பாடிக் கேட்டதில்லை.

“அப்பா உன்ன இட்னு வரச் சொன்னாரு.”

“அவரே சொன்னாராடி? எப்படிச் சொன்னாரு?”

“எழுந்து நின்னுக்கினு சொன்னாரு.”

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தூசி படிந்த என் கால்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு புடவையை நான்காக மடித்தாள்.

“சரி. சாப்ட்டுக் கெளம்பலாம்.”

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். அப்பா ஒன்றும் கேட்காமல் பையை வாங்கி உள்ளே வைத்தார். சுந்தரரால் ஆகாததை நான் முடித்துவிட்டேன் என்று ஒரு வாரம் நிமிர்ந்து நடந்தேன். அந்தப் புடவை திங்கட்கிழமை வேலையில் சேர்வதற்கானது என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பினாள்.

இப்போது நான் சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அம்மா வேலைக்குப் போகவே இல்லை. அப்பா வரச் சொல்லவில்லை என்பதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.