முயல் தீவைத் தாண்டிய பேக்கேஜ்

துறைமுக வாசலில் ஜெயஷீலா பிரியாணிப் பொட்டலத்தையும் பென் டிரைவையும் ஒன்றாக நீட்டினாள். அவள் கணவன் பிரைட்டன் வாங்கிக்கொண்டு, "ஏளா, ரெண்டுல எத சூடு ஆறுததுக்குள்ள பிரிக்கணும்?" என்று கேட்டுச் சிரித்தபடி உள்ளே போனான்.

அவன் சரக்குக் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர். இறால் ஏற்றிய குளிர்பெட்டிகளில் ஒன்று சூடேறினாலும் கப்பலின் லினக்ஸ் சர்வர் மணியடித்துச் சொல்லிவிடும். அது இல்லையென்றால் ஆடுகிற கப்பலில், நனைந்த தளத்தில், பெட்டி பெட்டியாக அவனே ஏறிப் பார்க்க வேண்டும். போன வருசம் அப்படி ஏறி வழுக்கி விழுந்ததில் அடிபட்ட முழங்கை இன்னும் முழுசாக மடங்காது.

சர்வரில் ஓடி மணியடிக்கும் மென்பொருளைச் செய்வது தூத்துக்குடியில் ஜெயஷீலா வேலை பார்க்கும் சின்ன கம்பெனி. கப்பல் சர்வர் பழசு, அதில் புரோகிராமை ஓட்டும் பைத்தான் அதைவிடப் பழசு. அதனால் புதுப் பைத்தானை இவர்களே மூல நிரலிலிருந்து கட்டி, புரோகிராமோடு ஒரே பேக்கேஜாக்கிக் கொடுப்பார்கள். அது ஜெயஷீலாவின் வேலை. நாசரேத்து டீச்சர் வீட்டுப் பெண். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிறவள்.

இந்தத் தடவை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கப்பல் நின்றதே கொஞ்ச நேரம். கப்பல் சர்வருக்கு ஜோடியாக ஆபீசில் ஒரு பழைய மெஷின் உண்டு. எப்போதும் அதில்தான் கட்டுவாள். அன்று பிரியாணி தம்மில் கிடக்க, வீட்டிலேயே தன் புது லேப்டாப்பில் கட்டிவிட்டாள். அதிலேயே ஓட்டிப் பார்த்தாள், ஓடியது.

மத்தியானம் ஆபீஸ் வந்து, மனசு கேட்காமல் பழைய மெஷினில் போட்டாள். கட்டிய லேப்டாப்பில் இருக்கிற, அந்த மெஷினில் இல்லாத ஒரு புது லைப்ரரியைக் கேட்டுப் படுத்துவிட்டது. முன்பு ஓடிக்கொண்டிருந்த பழைய பதிப்பையும் காணவில்லை. இடம் போதாதென்று, முதலில் அதைத் துடைத்துவிடும்படி பேக்கேஜில் எழுதி வைத்ததும் அவள்தான்.

பக்கத்து நாற்காலி செந்தில்வேல் எட்டிப் பார்த்தான். "ஒங்க லேப்டாப்பையே கப்பல்ல ஏத்தி விட்டிருக்கலாம்லாக்கா."

பிரைட்டன் அதைக் கப்பல் சர்வரில் போடுவதற்குள் பிடித்துவிட வேண்டும். கப்பல் கிளம்பியிருந்தது, போன் மட்டும் போயிற்று.

"அத்தான், அதப் போட்டுராதீங்க!"

"எத? பிரியாணி அப்பவே தீந்துட்டுளா. முயல் தீவு தாண்டுது, இனி சிக்னல்..."

"பிரியாணி இல்ல அத்தான், சர்வர்ல—"

அறுந்துவிட்டது. திரும்ப அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. வாட்ஸ்அப்பில் எழுதியது ஒற்றை டிக்கோடு நின்றது. ஆபீஸிலிருந்து கப்பலுக்கு மெயில் போட்டார்கள். அதை யார் எப்போது திறப்பார்களோ.

காலையில் பதில் வந்தது. 'மெயில் பாக்கதுக்கு முன்னாலயே போட்டுட்டேன். நீ செஞ்சதுல்லா, யோசிக்கவே இல்ல. ஓடல. மொம்பாசா வரைக்கும் நானே ஏறிப் பாத்துக்கிடுதேன். காத்துதான் கொஞ்சம் கூடுதல். பதறாத.'

பழைய மெஷினில் மறுபடி கட்டினாள். ஒரே தடவையில் ஓடியது. கப்பலின் சாட்டிலைட் நெட்டில் மெயில் போகும். இத்தனை பெரிய பேக்கேஜ் போகாது. பென் டிரைவில் ஏற்றி மேசைமேல் வைத்தாள்.

ஆனிக் காற்றில் ஜன்னல் கதவு படபடத்தது. எழுந்து கொக்கியை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்து போய்ப் பார்த்தாள். மாட்டித்தான் இருந்தது.