டிரா வேண்டாம் என்ற ஹாலந்துக்காரர்

தஞ்சாவூரில் அந்தச் செஸ் போட்டி நடந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அதிராம்பட்டினத்தில் வீடு. படிப்பை முடித்துவிட்டு துபாய் விசாவுக்குக் காத்திருந்தேன். ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாது. தொலைபேசி அடித்தாலும் நெஞ்சு பதறும், அடிக்காவிட்டாலும் பதறும்.

ஆங்கிலம் பேசுவேன் என்று, போட்டிக்கு வந்திருந்த ஹாலந்து மாஸ்டர் ஒருவரைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருக்கும் கால் தரிக்காது. காயை நகர்த்தியதும் எழுந்து வராந்தாவில் நடப்பார். மாலையில் புது ஆற்றங்கரையில் நடந்தபடியே தன் கதையைச் சொன்னார். பத்தொன்பது வயதில் அவர் நாட்டின் இளையோர் சாம்பியன். பிறகு ஊர் ஊராக ஆட்டம். தோற்றால் அடுத்த போட்டிக்கு அழைப்பு வராதோ என்ற பயத்தில், பாதி ஆட்டத்திலேயே டிராவுக்குக் கை நீட்டுவது பழக்கமாகிவிட்டதாம்.

"நான் தோற்றதும் குறைவு, ஜெயித்ததும் குறைவு" என்றார்.

கடைசிச் சுற்றுக்கு முந்தின நாள் வாப்பா போன் செய்தார்.

"விசா வந்துடுச்சுடா. வியாழக்கிழமை ஃபிளைட். உடனே பஸ் ஏறு."

"ஒரு நாள் பொறுங்க வாப்பா. நாளைக்குக் கடைசி ஆட்டம்."

"நீயா ஆடுறே?"

"நாளைக்கு ராத்திரி பஸ் ஏறிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் டிரா செய்தாலே ஹாலந்துக்காரருக்கு முதலிடம். எதிரே சென்னைக் கல்லூரி மாணவி ஒருத்தி. பன்னிரண்டாவது நகர்த்தலில் அவளே டிரா கேட்டாள். அவர் எழுந்து வந்து வராந்தாவில் மூன்று முறை நடந்தார். உள்ளே போய், வேண்டாம் என்று தலையசைத்தார். நான்கு மணி நேரம் போராடித் தோற்றார். மூன்றாம் இடம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் சார்? கை குடுத்திருந்தா முடிஞ்சிருக்குமே!"

"எப்படி முடியும்னு எனக்கே தெரியாத ஆட்டம். அப்படி ஒன்னு ஆடி எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

முகம் சிவந்திருந்தது. அன்றுதான் தட்டில் வைத்ததை முழுதாகச் சாப்பிட்டார். அவரை அறையில் விட்டுவிட்டுப் பட்டுக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தேன்.

துபாயில் சரக்குக் கப்பல் அலுவலகத்தில் வேலை. ஆறு மாதம் கழித்து அவர் கடிதம் வந்தது. மூன்று போட்டிகள் ஆடியிருந்தார். ஒன்றில் முதலிடம், இரண்டில் கடைசி. அழைப்புகள் குறைந்துவிட்டதால் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்திருந்தார். 'அங்கே போனது உன் விருப்பமா?' என்று கேட்டிருந்தார்.

இரண்டு வாரம் பதில் எழுதவே ஓடவில்லை. கடைசியில், சீக்கிரம் ஊர் திரும்பப் போகிறேன் என்று எழுதிப் போட்டேன். திரும்பப் பதினோரு வருடமானது.