மகள் எடைக்கு ரோமாபுரிக் காசு

மகள் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் அவள் எடைக்கு ஒரு ரூபாய்க் காசு போடுவதாக வேண்டிக்கொண்டேன். பத்து கிலோவுக்கு எத்தனை காசு என்று போனில் தேடினேன். இரண்டாயிரத்து அறுநூறு என்றது. மூன்று முறை எண்ணி, சித்தூர் பக்கத்துக் கோயிலுக்குச் சுமந்துபோனேன்.

துலாபாரத் தராசில் அத்தனையும் கொட்டியும் மகள் உட்கார்ந்த தட்டு தரையை விட்டு எழவில்லை. போனை எடுத்து மறுபடி கணக்குப் பார்த்தேன். வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மா என் போனை வாங்கிப் பார்த்தார்.

“இன்னாப்பா, கீழ போட்டிருக்கு பாரு, இது அந்தக் காலத்து ரோமாபுரிக் காசு எடை. நம்ம காசு அதைவிட லேசு.”

தன் மகனின் துலாபாரத்துக்குக் கொண்டுவந்த வெல்லத்தில் இரண்டு உருண்டையை எடுத்து என் காசுமேல் வைத்தார்.

“உங்க பையனுக்குக் குறையுமே?”

“போன மாச எடைக்கு வாங்கினது. இளைச்சிக்கினே போறான். மிஞ்சும்.”

மகளின் தட்டு எழுந்தது. என் வேண்டுதல் தீர்ந்ததா என்று இன்னும் தெரியவில்லை. சாமி முன் நின்றால், பெயர் தெரியாத அந்தப் பையன் எடை ஏறட்டும் என்பதே முதலில் வாயில் வருகிறது.