மூன்று காலுக்கு எண்ணெய்க் குளியல்

கடலை நான் முதலில் பார்த்தது கோழிக்கோட்டில். பார்த்தேன் என்பதைவிட, அதற்குள் நின்றேன் என்பது சரி.

மைசூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எனக்குப் பெட்டி தூக்கும் வேலை. அதற்கு முன்னால் கொள்ளேகாலில் பட்டுநூல் முறுக்கிக்கொண்டிருந்தேன். முறுக்கியதைவிட அறுத்ததுதான் அதிகம் என்று சொந்த வீட்டிலேயே பெயர் வாங்கியவன். எனக்கு எழுத்தும் வராது, நூலும் வராது. தூக்கத் தெரியும்.

காப்பித் தோட்டக்காரர் ஒருவர் கடற்கரையில் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். கேமராவோடு முதலாளி போனார். கேமராவைத் தாங்கும் மூன்று கால் ஸ்டாண்டோடு நான் போனேன். அலைக்குள் ஸ்டாண்டை நட்டு, சாயாமல் பிடித்துக்கொண்டு நிற்பது என் பங்கு. நானும் ஸ்டாண்டும் இடுப்பு வரை நனைந்தோம். ஊர் திரும்பியதும் நான் குளித்தேன். ஸ்டாண்டை அப்படியே உறையில் போட்டு மூலையில் சாய்த்தேன்.

முதலாளி உறையைத் திறந்தபோது பித்தளைத் திருகெல்லாம் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. தேக்குக் கால்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடி நீள வேண்டும். உள்ளே மணல் கடித்துக்கொண்டு, இழுத்தாலும் வரவில்லை.

"ஏன்யா, இதைத் துடைச்சியா?"

"காத்துல காயட்டும்னு வச்சனுங்க."

"உறைக்குள்ள எந்தக் காத்துய்யா அடிக்குது?"

எனக்கும் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஹெட்மாஸ்டர் படம் எடுத்துக்க வர்றார். அதுக்குள்ள இது நீளணும், சுருங்கணும், பளபளன்னு இருக்கணும். இல்லேன்னா நீ கொள்ளேகாலுக்கு பஸ் ஏறு. ஆயித்தா?"

ஆயித்து, சரிங்க என்றேன். எனக்குப் பெரிய கவலை இல்லை. எந்த ஊரிலும் தூக்குவதற்கு ஏதாவது இருக்கும். கவலைப்பட்டது என் பெண்டாட்டி. மைசூர் என்றால் அவளுக்கு அரண்மனை இல்லை. தெருக்குழாயும், என் அம்மா உட்காராத அடுப்பங்கரையும்தான்.

ஸ்டாண்டை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

"கொண்டாங்க இங்க," என்று பிடுங்கிக்கொண்டாள். "உங்களை நம்புனா, திரும்பவும் உங்கம்மா முன்னால நான் குனிஞ்சு நிக்கோணும்."

திருகுகளைக் கழற்றிப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். குத்துவிளக்கு மாதிரி ஆயின. நான் தேங்காய் நாரால் மணலைத் தட்டி எடுத்தேன். நல்ல தண்ணீரில் துணி நனைத்து உப்பு போகத் துடைத்து, நிழலில் காய வைத்தேன். இதுவரை எல்லாம் ஒழுங்கு. இத்தோடு நாங்கள் தூங்கப் போயிருக்கலாம்.

ஆனால் அன்று சனிக்கிழமை. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல்.

"உப்புத்தண்ணி பட்ட ஒடம்பு, வறவறன்னு கெடக்குது பாருங்க," என்றாள் ஸ்டாண்டைக் காட்டி. "இதுக்கும் ஒரு கரண்டி வெளக்கெண்ணெய் வெய்யுங்க."

நான் ஒரு கரண்டியோடு நிறுத்தவில்லை. மூட்டு மூட்டாக ஊற்றி, மூன்று காலையும் தொடையிலிருந்து பாதம் வரை நீவிவிட்டேன். எண்ணெயை மரம் அப்படியே குடித்தது. கால்கள் உள்ளேயும் வெளியேயும் வழுக்கிக்கொண்டு ஓடின. என் கையில் பட்டு எந்த நாளும் அப்படி ஓடியதில்லை. அன்று ஸ்டாண்டுக்கு முடிந்ததும் எண்ணெய் தீர்ந்துபோனது, எனக்கு இல்லை.

ஞாயிறு காலை ஹெட்மாஸ்டர் தலைப்பாகையோடு வந்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். முதலாளி ஸ்டாண்டைப் பார்த்துப் "பரவாயில்லையே," என்றார். அது என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டு. கேமராவை மேலே ஏற்றிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

"சார், எழுந்திருக்காதீங்க."

"நான் உக்காந்துண்டுதான் இருக்கேன்."

"ஸ்வல்ப கீழ வாங்க."

ஹெட்மாஸ்டர் நாற்காலியில் கொஞ்சம் சறுக்கினார்.

"மறுபடியும் எழறீங்களே!"

"ஐயா, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் உக்காரு, எழுந்திருன்னு மேய்ச்சவன் நான். எனக்கு உக்காரத் தெரியும். நீர்தான் துணியோட தரைக்குப் போயிண்டிருக்கீர்."

முதலாளி துணிக்குள்ளிருந்து வெளியே வந்தார். முழங்கால் மடங்கி, பாதி உட்கார்ந்த நிலையில் இருந்தார். கேமராவின் கனத்தில் மூன்று காலும் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தன. திருகை முறுக்கினார். நிற்கவில்லை. காலைத் துடைத்துப் பார்த்தார். அப்புறம் துடைத்த துணியை மோந்து பார்த்தார்.

"என்னய்யா தடவின?"

"வெளக்கெண்ணெய்ங்க. நேத்து சனிக்கிழமைங்க."

"அது சரி," என்றார் ஹெட்மாஸ்டர்.

முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உக்காரு கீழ. மூணையும் பிடி. மூச்சு விடாதே."

எனக்குக் கை இரண்டுதான். மூன்றாவது காலைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டேன். தலைக்கு மேல் கேமரா, முகத்தில் கறுப்புத் துணி. ஹெட்மாஸ்டரும் மூச்சு விடவில்லை. படம் அருமையாக வந்தது என்று பிறகு சொன்னார்கள். அதில் நான் இல்லை.

ஹெட்மாஸ்டர் போய்விட்டார். யாரும் விடச் சொல்லாததால் நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த எண்ணெய் காயற வரைக்கும் நீ இங்கதான் கெடக்கணும்," என்றார் முதலாளி. "படத்துக்குப் படம் பிடி. அது காயற அன்னிக்கு உனக்குக் கொள்ளேகால்."

வீட்டுக்கு வந்து, கால்கள் வழுக்கிய கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்பதற்குள் அவள் அரப்புத் தூளைக் கிண்ணத்தில் கொட்டிக் கரைக்க ஆரம்பித்தாள்.

"எண்ணெய் வெச்சா அரப்புப் போட்டுத் தேய்க்கோணுமுன்னு தெரியாதுங்களா உங்களுக்கு? போய் ஸ்டாண்டைத் தூக்கியாங்க. ஒரே தேய்ப்புல அத்தனை எண்ணெயும் போயிரும்."

அப்புறம் முதலாளி கடைசியாகச் சொன்னதைச் சொன்னேன். கிண்ணத்துக்குள் அவள் கை நின்றது.

"காயற வரைக்குமுங்களா?"

"அப்படித்தான் சொன்னாரு."

"வெளக்கெண்ணெய் எங்கீங்க காயுது?"

எங்கள் வீட்டில் அது காய்ந்து யாரும் பார்த்ததில்லை.

"ஸ்டாண்டு அங்கயே இருக்கட்டும்," என்றாள். "குனியுங்க."

கரைத்த அரப்பு வீணாகக் கூடாதென்று அத்தனையையும் என் தலையில் தேய்த்தாள். என் தலையில் எண்ணெயே இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அரப்பு உள்ளே போனது.